இன்ஜின் சுற்றும் பத்மினியா, ஜாம் ஆன அம்பாசடரா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்ட தம்பிக்குச் சென்னையில் வேலை, சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். ரொம்ப நாளாக நிற்கும் பழைய கார் ஒன்றை வாங்கி ஓட வைக்க ஆசை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று வேதாரண்யம் பக்கத்தில் ஒரு தோப்பு வீட்டில் நிற்கும் 1982 பிரீமியர் பத்மினி. 2005க்குப் பிறகு ஓடவில்லை, ஆனால் டாப் கியரில் போட்டுத் தள்ளினால் இன்ஜின் சுற்றுகிறது, பெயிண்டும் பளபளப்பு. இன்னொன்று கும்பகோணத்தில் பழைய வீட்டுக் கார் ஷெட்டில் இருக்கும் 1972 அம்பாசடர் மார்க் 2. இதில் இன்ஜின் ஜாம், சீட்டை எலியும் கரையானும் பங்கு போட்டுக்கொண்டன, பார்க்கவே பாவமாக இருக்கிறதாம். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். "பத்மினிதானே சார் சரி? பேட்டரி போட்டால் ஸ்டார்ட் ஆகும் என்கிறார்கள். ஓட்டிக்கொண்டே சென்னை வந்துவிடலாமா?"

நான் அம்பாசடரைத்தான் வாங்கச் சொல்வேன். இரண்டையும் நேரில் பார்க்காமல் சொல்கிறேன், அதனால் கீழே எழுதியிருக்கும் சோதனைகளைச் செய்து பார்த்த பிறகு முடிவு மாறினாலும் மாறலாம். ஆனால் இன்ஜின் சுற்றுகிறதா என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பத்மினி பக்கம் போகாதீர்கள். நின்ற வண்டி வாங்கும்போது பார்க்க வேண்டியது முதலில் பாடி, அடுத்து பேப்பர், இன்ஜின் கடைசி. ஜாம் ஆன இன்ஜினை இறக்கி, பெஞ்சில் வைத்து, போர் போட்டு (சிலிண்டர் துளையைக் குடைந்து சீராக்கி), பிஸ்டன் மாற்றி ஏற்றிவிடலாம். தெரிந்த வேலை, செலவையும் முன்கூட்டியே ஓரளவு கணக்குப் போடலாம். பாடி அப்படியில்லை. அம்பாசடர், பத்மினி இரண்டுக்குமே தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, தரைத் தகடு, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், ஜாக்கி வைக்கும் இடம் இவையெல்லாம் அரித்துவிட்டால் டிங்கர் வேலை எப்போது முடியும், எவ்வளவு ஆகும் என்று டிங்கருக்கே தெரியாது. ஒரு இடத்தை வெட்டினால் ஒட்டவைக்கப் பக்கத்தில் நல்ல தகடு இருக்காது.

வேதாரண்யம் என்றதும் எனக்குப் பயம் வருவது உப்புக்காகத்தான். உப்பளம் இருக்கிற ஊர், கடல் காற்று வருஷம் முழுக்க. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். நம் கடலோரத்தில் ராத்திரி ஆனால் அந்த அளவு சர்வசாதாரணம். அதாவது மழையே பெய்யாவிட்டாலும் தகட்டில் படிந்த உப்பு ஒவ்வொரு இரவும் நனைகிறது, பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. ஷெட்டுக்குள் நின்றதா வெளியே நின்றதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஓடுகிற வண்டிக்காவது மழையில் அடிப்பக்கம் கழுவிப் போகும். நிற்கிற வண்டிக்கு அதுவும் கிடையாது. கும்பகோணத்திலும் ஈரம் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் சுவரெல்லாம் ஓதம் அடிக்கும், ஆனால் அந்த ஈரத்தில் உப்பு இல்லை. தகட்டின் ஆயுளில் இது பெரிய வித்தியாசம்.

கஜா புயலைப் பற்றியும் கேட்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையைக் கடந்ததே நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான். இந்தப் பத்மினி 2005லிருந்து அங்கேயே நிற்கிறது என்றால் அந்த ராத்திரியும் அங்கேதான் நின்றிருக்கிறது. ஷெட் கூரை இருந்ததா, மரம் விழுந்ததா, தண்ணீர் எதுவரை ஏறியது, அப்புறம் பெயிண்ட் அடித்தார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். பெயிண்ட் பளபளப்பு என்று நீங்கள் மகிழ்ச்சியாக எழுதிய இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் கூடுகிறது. இருபது வருஷமாக நிற்கும் 1982 வண்டியில் பெயிண்ட் மங்கிக் கிடப்பதுதான் இயல்பு.

போகும்போது துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச், பழைய பெட்ஷீட் எடுத்துப் போங்கள். காந்தத்தைக் கதவின் கீழ் ஓரம், சக்கர வளைவு, கதவுக்குக் கீழ்ப் பெட்டி மேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பெட்ஷீட்டை விரித்து அடியில் படுத்து, ஸ்பிரிங் மாட்டும் இடங்களை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள் (வண்டி டயரில் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள், ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம்). ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் கதை முடிந்தது. அடுத்த சோதனை எனக்குப் பிடித்தது: ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்கி, அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு உரசினால் அல்லது இடைவெளி மாறினால் பாடி தன் எடையைத் தாங்கவில்லை. உரிமையாளர் தூக்க விட மாட்டேன் என்றால் அதுவும் பதில்தான்.

வெள்ளம் ஏறிய வண்டியைக் கண்டுபிடிக்கக் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றுங்கள். வெளியே எவ்வளவு கழுவினாலும் அதற்குள் படிந்த வண்டல் கோடு போகாது. டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும் பாருங்கள். காவிரி வண்டல் வயலுக்கு நல்லது, வயரிங்குக்கு இல்லை.

ஷெட்டையும் பார்க்க வேண்டும், வண்டியை மட்டும் பார்த்தால் போதாது. மண் தரையா சிமெண்ட் தரையா? மண் தரை கீழிருந்து ஈரம் விட்டுக்கொண்டே இருக்கும், மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் அந்த ஈரம் வெளியேறவும் வழியில்லை. பாதுகாப்பாக மூடி வைத்திருந்தோம் என்று பெருமையாகச் சொல்வார்கள், அந்த மூடல்தான் வண்டியைத் தின்றிருக்கும். பக்கத்தில் வைக்கோலோ நெல் மூட்டையோ அடுக்கியிருந்தால் எலி கட்டாயம், எலி இருந்தால் அதைத் தேடி வருவதும் இருக்கும். சீட்டுக்கு அடியில் கை விடுவதற்கு முன் கம்பு விடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு, ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு, கதவு அட்டையில் கரையான் எல்லாம் இங்கே வழக்கமாகப் பார்ப்பதுதான். நீங்கள் பயந்துபோன அந்த அம்பாசடர் சீட் பிரச்சினை இந்தக் கணக்கில்தான் வருகிறது. தேங்காய் நாரும் ஸ்பிரிங்கும் ரெக்ஸினும் சேர்ந்ததுதான் அந்தச் சீட், எந்த ஊர் குஷன் கடையிலும் புதிதாகக் கட்டிவிடலாம். அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.

இன்ஜின் சுற்றுவதையே நம்பாதே என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பத்மினியின் 1089 சிசி இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். இரண்டு உலோகம், நடுவில் தண்ணீர். அதுவும் கூலன்ட் இல்லாமல் கடலோரத்துப் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால் ஹெட்டின் தண்ணீர் வழிகள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். பிஸ்டன் அழகாக மேலும் கீழும் போய் வரும், ஹெட் உள்ளே சல்லடையாக இருக்கும். ஸ்டார்ட் பண்ணி சூடேறிய பிறகுதான் தெரியும். அம்பாசடரின் 1489 சிசி பிஎம்சி இன்ஜினில் ஹெட்டும் இரும்பு, பிளாக்கும் இரும்பு. துருப்பிடிக்கும், ஜாம் ஆகும், ஆனால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பத்மினி மோசமான வண்டி என்று சொல்லவில்லை. ஓட்டுவதற்கு அம்பாசடரைவிடச் சுறுசுறுப்பானது, எனக்குப் பிடிக்கும். இதே பத்மினி தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சிமெண்ட் தரையில் நின்றிருந்தால் என் பதிலே வேறு.

சரி, பேப்பர். இரண்டுமே 1989க்கு முந்தைய வண்டி, டி.என். வரிசை வருவதற்கு முன்னாலான மூன்று எழுத்து எண் இருக்கும். ஒரிஜினல் ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கிறதா, அதில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் டாக்சி ஸ்டாண்டில் இன்ஜின் மாற்றிப் போடுவதை யாரும் ஆர்.டி.ஓ.வில் போய்ச் சொன்னதில்லை. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருக்கும், உள்ளே டீசல் உட்கார்ந்திருக்கும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் மூன்று பேர், ஒருவர் சிங்கப்பூரில் என்று எழுதியிருக்கிறீர்கள். டெல்டாவில் இந்தக் கதை இல்லாத பழைய காரே கிடையாது. முதலில் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31 போட்டு ஒரு வாரிசு பெயருக்கு மாற்றம், அதன் பிறகு அவரிடமிருந்து உங்கள் பெயருக்கு மாற்றப் படிவம் 29, 30. இறந்தவர் பெயரில் இருக்கும் பழைய கையெழுத்திட்ட ஃபார்ம் இருக்கிறது, அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவு காலாவதியாகியிருக்கும். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு, அப்புறம் ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் 15 வயது தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600லிருந்து 5,000 ரூபாயானது, 2025ல் 20 வயது தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கினார்கள். இதோடு பசுமை வரி, இவ்வளவு வருஷம் விட்டதற்கான தாமதக் கட்டணம் எல்லாம் சேரும், எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டுக்கொண்டு அதை விலை பேசும்போது கழியுங்கள். டெல்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷ வரம்பு இருக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அது நம் மாநிலத்துக்கு இல்லை.

1972 வண்டிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருக்கும் சொந்த வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே எண் உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக்கூடாது. உங்களுக்குத் திருவாரூர் தேருக்கும் மாமா வீட்டுக்கும் ஓட்டிப் போக வேண்டும் என்றால் சாதாரணப் புதுப்பிப்பே மேல். காரைக்கால் பக்கம் பி.ஒய். 02 என்ற புதுச்சேரிப் பதிவு வண்டி ஏதாவது மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்த்தால், அதற்கு என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) நம்மூர் சாலை வரியும் தனி. மலிவு அங்கேயே போய்விடும்.

வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வராதீர்கள். பிரேக் இருக்காது, டயர் வெடிக்கும். ரெக்கவரி வண்டியில் மேலே ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் வந்து சேர்ந்தால் நல்லது. கும்பகோணம், மாயவரம், மன்னார்குடியில் அந்த நாளில் டாக்சி ஸ்டாண்ட் அம்பாசடர்களைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்குகளில் சிலர் இன்னும் பட்டறை வைத்திருக்கிறார்கள். வண்டியைத் தேடுவதற்கு முன்பே அப்படி ஒருவரைத் தேடிவிட வேண்டும், முடிந்தால் பார்க்கப் போகும்போதே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவருடைய ஒரு நாள் கூலிதான் இதில் ரொம்ப மலிவான செலவு.

இப்போது ஜாம். செல்ஃப் அடிக்கவே கூடாது. பேட்டரியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் (ஏ.டி.எஃப்.) சரிபாதி கலந்து ஊற்றி, பல நாள் ஊற விடுங்கள். இறங்கியிருந்தால் மறுபடி ஊற்றுங்கள். இதற்குள் மேல்மூடியைத் திறந்து வால்வுகளைப் பாருங்கள். வால்வு கைடில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால் வால்வைத் திறக்கும் கம்பியான புஷ் ராடு வளையும். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டிப் பாருங்கள். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். அம்பாசடரில் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் வசதியும் இருக்கிறது, அதில் தொங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கொடுங்கள். ஒரு விரல் அளவு நகர்ந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மறுபடி ஊற்றுங்கள். அவசரப்பட்டு நெம்பினால் ரிங் உடைந்து போரைக் கீறிவிடும். இரண்டு மூன்று வாரத்திலும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிவிட வேண்டியதுதான். லேத்தில் கொடுத்துப் போர் பெரிதாக்கி அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், பாகம் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். 2014 வரை தயாரித்த வண்டி என்பதால் அம்பாசடருக்கு உதிரி பாகப் பஞ்சம் குறைவு, ஆனால் மார்க் 2 முகப்புக் கிரில், லைட் வளையம் போன்றவற்றைத் தொலைத்துவிடாதீர்கள். கைப்பிடி, சின்னம் மாதிரிச் சின்ன உலோகப் பொருள் உடைந்திருந்தால் கும்பகோணத்து வார்ப்புப் பட்டறைகளில் மாதிரி காட்டிக் கேட்டுப் பாருங்கள், நாச்சியார்கோவில் விளக்கு வார்க்கிற ஊர்ப்பக்கம்தானே.

இன்ஜின் கையால் தாராளமாகச் சுற்றிய பிறகும் உடனே ஸ்டார்ட் வேண்டாம். பழைய ஆயிலை வடித்துப் பாருங்கள், மோர் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிச் சேறைத் துடைத்து, புது ஆயில், புது ஃபில்டர். பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் வந்ததைப் பார்த்த பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு வண்டியின் டாங்கைத் தொடாதீர்கள். ஒரு சின்ன கேனில் புது பெட்ரோல், அங்கிருந்து குழாய், பக்கத்தில் தீயணைப்பான். டெல்கோ (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைத்து, கண்டன்சர் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் ஸ்பார்க் வந்துவிடும்.

டாங்கில் இருபது வருஷப் பெட்ரோல் அரக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். இறக்கி, உள்ளே நட்டு போல்ட்டு போட்டுக் குலுக்கித் துரு எடுக்க வேண்டும். ஓட்டையாக இருந்தாலும் நேராக வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், காலி டாங்கில் தங்கிய ஆவி வெடிக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பம்ப் டயஃப்ரமும் இதற்குச் செய்யப்பட்டவை அல்ல, ஊறிப் போய் விரிசல் விடும், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும். எல்லாக் குழாயையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், பழசு நன்றாகத்தான் இருக்கிறது என்று யார் சொன்னாலும் சரி. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் நம்மூர்க் காற்றில் மாதக்கணக்கில் டாங்கை அப்படியே விட்டு வைக்கவும் கூடாது.

பிரேக்கில் மட்டும் காசு பார்க்கக் கூடாது. இந்த வண்டியில் நாலு பக்கமும் டிரம், நாலுக்கும் ஒரே ஆயில் லைன். ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நாலும் போச்சு. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்திருக்கும். மாஸ்டர், நாலு சக்கரத்துச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள் மொத்தமும் புதிதாகப் போடுங்கள், உள்ளே உள்ள ரப்பர் கிட் மட்டும் மாற்றித் தேய்த்துவிடலாம் என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். டயர் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அஞ்சும் போக வேண்டியவை. 5.90-15 அளவு கேட்டு வாங்குங்கள். வயரிங் எலி கடித்திருந்தால் ஒட்டுப் போடாமல் முழு செட்டாக மாற்றுங்கள். கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும், சூடேறியதும் பெரும்பாலும் விட்டுவிடும்.

சென்னைக்கு ஓட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டீர்கள். புதுப்பிப்பும் இன்ஷூரன்ஸும் முடியாமல் ரோட்டில் எடுக்கவே முடியாது என்பது ஒரு பக்கம். அது முடிந்தாலும் முதல் சில வாரம் ஊருக்குள்ளேயே, வீட்டிலிருந்து ஆள் வந்து இழுத்துப் போகிற தூரத்துக்குள்ளேயே ஓட்டுங்கள். ஹெட் கழற்றியிருந்தால் ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை வரிசைப்படி மறுபடி டைட் வைத்து, வால்வு இடைவெளியையும் பார்க்க வேண்டும். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றி, முதல் மாதத்தில் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அளவு பாருங்கள். இதற்குள் பத்மினியையும் நேரில் போய்ப் பார்த்து, ஜாக்கி சோதனையில் கதவு சரியாக மூடியது, காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது என்றால் எழுதுங்கள், அதன் ஹெட்டை எப்படிச் சோதிப்பது என்று தனியாகச் சொல்கிறேன்.